ஆசைதானே, காத்திருக்கட்டும்

நான் காப்புறுதி நிறுவனம் ஒன்றில், இழப்பீடு கேட்டு வருகிறவர்களின் கதைகளைச் சரிபார்க்கும் பிரிவில் வேலை செய்கிறேன். நிறுத்தி வைத்திருந்த காடி தானாகவே உருண்டுபோய்ச் சுவரில் மோதிவிட்டது என்பார் ஒருவர். கைப்பேசி கடலில் விழுந்துவிட்டது என்பார் இன்னொருவர், ஆனால் எந்தக் கடற்கரை என்று கேட்டால் விழிப்பார். சந்தேகப்படுவதற்குத்தான் எனக்குச் சம்பளம். மாலையில் மேசை இழுப்பறையைப் பூட்டும்போது சந்தேகத்தையும் உள்ளே வைத்துப் பூட்டிவிட்டு வர எனக்கு இன்றுவரை தெரியவில்லை. பாசாரில் மீன்காரர் ஒரு மீனின் செவுளைத் தூக்கிக் காட்டினால், மற்ற மீன்களுக்கு என்ன வந்தது என்றுதான் எனக்குத் தோன்றும். என் கணவர் இதையெல்லாம் பார்த்துச் சிரிப்பார். வீட்டிலேயே ஒரு போலீஸ் ஸ்டேஷன் இருப்பதால் திருட்டுப் பயம் இல்லை என்பார்.

அப்படிப்பட்டவளிடம்தான் பிள்ளைக்குத் தேவை எது, ஆசை எது என்று சொல்லிக்கொடுக்கும் பொறுப்பு வந்து சேர்ந்தது.

மகளுக்கு அப்போது ஆறு வயது. பாலர் பள்ளி ஆசிரியை பெற்றோர்களைக் கூட்டி வைத்து, இந்தக் காலத்துப் பிள்ளைகள் கண்ணில் பட்டதையெல்லாம் கேட்கிறார்கள், வீட்டிலும் பழக்குங்கள் என்று சொன்னார். அது இல்லாமல் இருக்க முடியாது என்றால் தேவை. இருந்தால் நன்றாக இருக்கும் என்றால் ஆசை. இவ்வளவுதான் பாடம். மற்ற தாய்மார்கள் தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்கள். நான் அதை வீட்டில் சட்டமாகவே ஆக்கிவிட்டேன். எதைக் கேட்டாலும் முதலில் அது தேவையா ஆசையா என்று சொல்ல வேண்டும். தேவை என்றால் உடனே கிடைக்கும். ஆசை என்றால் நான் ஒரே பதிலைத்தான் சொல்வேன்: ஆசைதானே, காத்திருக்கட்டும்.

முதல் வாரமே தகராறு. பேரங்காடியில் தலையில் கொம்பு முளைத்த குதிரைப் படம் போட்ட குடை ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தாள். பினாங்கில் தினமும் மழை பெய்கிறது, ஆகவே இது தேவை என்றாள். வாதம் சரியாகத்தான் இருந்தது, அதனாலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. குடை தேவை, குதிரை ஆசை என்று பிரித்துச் சொல்லிக் கறுப்புக் குடை ஒன்றை வாங்கிக் கொடுத்தேன். அந்தக் குடையை அவள் ஒரு நாள்கூட விரிக்கவில்லை. நனைந்துகொண்டே வந்து நின்றாள்.

என் கணவரும் சும்மா இருக்கவில்லை. சோறு தேவையா என்று மகளிடம் கேட்டார். தேவை என்றாள். நாசி கண்டாரும் சோறுதானே என்றார். இருவரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அன்று இரவு கடைக்குப் போய் நாசி கண்டார்தான் சாப்பிட்டோம். சோறு தேவை, மேலே ஊற்றிய குழம்பு ஆசை என்று நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

கொஞ்ச நாளில் அவள் வேறு வழியைக் கண்டுபிடித்தாள். எதையாவது காட்டி, ‘இது ஆசைதாம்மா, வேணாம்’ என்று பெருமூச்சு விடுவாள். அப்படி ஒப்புக்கொள்கிற பிள்ளையைப் பார்த்தால் எனக்கு மனம் இளகிவிடும், வாங்கிக் கொடுத்துவிடுவேன். அலுவலகத்தில் உண்மை பேசுகிறவர்களுக்குச் சீக்கிரம் பணம் கொடுத்து அனுப்பிப் பழக்கம். மூன்றாவது பெருமூச்சில்தான் எனக்கு மூக்கு வேர்த்தது. ஆனாலும் அவள் பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டாள் என்பதை மறுக்க முடியாது. ஒரு நாள் தன் அப்பாவின் மோட்டார் சைக்கிளைத் தடவிப் பார்த்துவிட்டு, இது தேவை, இதன் சத்தம் ஆசை என்றாள். எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த மோட்டாரில்தான் அவர் தினமும் கடல் பாலத்தைக் கடந்து புக்கிட் தெங்காவுக்குப் போவார். அங்கே ஒரு தொழிற்சாலையில் டெக்னீஷியன். பத்து வருடமாக ஒரே இடம், ஒரே உற்பத்தி லைன். மழையில் நனைந்து வந்தாலும் மகளோடு கொஞ்ச நேரம் தரையில் படுத்து உருளாமல் குளிக்கப் போக மாட்டார். அவள் தூங்கும்வரை பக்கத்தில் இருப்பார். அது எனக்குச் சாதாரண விஷயம் இல்லை, அதற்குக் காரணம் இருக்கிறது.

என் அப்பா சிங்கப்பூரில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தார். முதலில் மாதம் ஒரு முறை வந்தார், பிறகு தீபாவளிக்கும் பொங்கலுக்கும் வந்தார், கடைசியில் தீபாவளிக்கு மட்டும் வந்தார். பை நிறைய சாக்லேட்டும் பொம்மையும் இருக்கும். நான் பொம்மையை வாங்கிக்கொண்டு அம்மாவின் பின்னால் போய் நின்றுகொள்வேன். பெரிய பெண்ணான பிறகு, அவர் ஹாலில் உட்கார்ந்திருந்தால் அந்தப் பக்கம் போகவே எனக்குக் கூச்சமாக இருந்தது. பெற்ற தகப்பனிடம் என்ன பேசுவது என்று தெரியாத பிள்ளையாக நான் வளர்ந்தேன். என் மகளுக்கு அந்தக் கூச்சம் மட்டும் வரக் கூடாது என்று, கல்யாணத்துக்கு முன்பே நான் இவரிடம் சொல்லியிருந்தேன். அவரும் சரி என்றிருந்தார்.

அதனால்தான் கைப்பேசி அடித்ததும் அவர் எழுந்து வெளியே போக ஆரம்பித்தபோது எனக்குப் பயம் பிடித்துக்கொண்டது. எங்களுடையது அடுக்குமாடி வீடு, ஒன்பதாவது மாடி. முன்பெல்லாம் சோபாவில் படுத்துக்கொண்டே ஊருக்கே கேட்கிற மாதிரி பேசுகிறவர், இப்போது பொது நடைபாதைக்குப் போய்ச் சுவர் ஓரமாக நின்று பேசினார். பிறகு லிஃப்டில் இறங்கிக் கீழேயே போய்விட்டார். யார் என்று கேட்டால், பழைய ஆள், சும்மா கூப்பிட்டான் என்பார். சும்மா கூப்பிடுகிற ஆளிடம் பேச ஒன்பது மாடி இறங்குவார்களா?

வேவு பார்க்க மகளை அவர் கூட அனுப்பினேன். அப்பா என்ன பேசினார் என்று கேட்டதற்கு, தெரியாது, ஆனால் அப்பா சிரிக்கவே இல்லை என்றாள். பெண் விவகாரம் என்றால் சிரித்திருப்பார், ஆகவே அது இல்லை என்று ஒதுக்கிவிட்டேன். அடுத்து அலமாரி இழுப்பறையைப் பார்த்தேன். வழக்கமாக அடியில் கிடக்கும் அவருடைய கடப்பிதழ், அதாவது பாஸ்போர்ட், எல்லாவற்றுக்கும் மேலே இருந்தது. அந்தப் பழைய ஆள் யார் என்பது அப்போதுதான் புரிந்தது. அவரோடு ஒரே லைனில் வேலை பார்த்து, போன வருடம் சிங்கப்பூருக்குப் போனவன். போய்ச் சேர்ந்த முதல் மாதமே புதுக் கைப்பேசியோடு படம் அனுப்பியவன். அங்கே போய் இரண்டு பங்கு சம்பாதிக்க இவருக்கும் ஆசை வந்துவிட்டது என்று முடிவு கட்டினேன். கேட்டுவிட வேண்டியதுதானே என்று தோன்றலாம். கேட்டால் ஆமாம் என்று சொல்லிவிடுவாரோ என்ற பயத்தில் கேட்கவில்லை.

தைப்பூசம் நெருங்கிக்கொண்டிருந்தது. ஒரு வெள்ளிக்கிழமை சாப்பிடும்போது, இந்த வருடம் தண்ணீர்மலை முருகனுக்குப் பால்குடம் எடுக்கப் போகிறேன் என்றார். தண்ணீர்ப் பந்தல்களில் இலவசமாகக் கொடுக்கும் பிரியாணிக்காகத் தைப்பூசத்துக்குப் போகிற மனிதர் அவர். பந்தலுக்குப் பந்தல் எங்கே என்ன கிடைக்கும் என்று அவருக்கு மனப்பாடம். அவருக்கு என்ன திடீர் வேண்டுதல் என்று கேட்டேன். வேண்டுதலை வெளியே சொன்னால் பலிக்காது, முடித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார். எங்கள் பக்கத்தில் எல்லாரும் அப்படித்தான். என்ன கேட்டாய் என்று யாரும் துருவ மாட்டார்கள், கேட்டவரும் வாயைத் திறக்க மாட்டார். அதைவிட நல்ல சாக்கு அவருக்குக் கிடைத்திருக்காது.

நானும் விடவில்லை. மறுநாள் காலை, நானும் பால்குடம் எடுக்கிறேன் என்று அறிவித்தேன். உனக்கு என்ன வேண்டுதல் என்று அவர் கேட்டார். சொன்னால் பலிக்காது என்றேன். இவர் சிங்கப்பூருக்குப் போகக் கூடாது, இதுதான் என் வேண்டுதல். முருகனிடம் இரண்டு மனு போகட்டும், எது நியாயமோ அதைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று இருந்தேன்.

விரதம் தொடங்கியது. வீட்டில் மீன் வாசனை நின்றது. அவர் ஹாலில் பாய் விரித்துப் படுத்தார், நான் அறையில் தரையில் படுத்தேன். மாலையில் இருவரும் ஒன்றாக விளக்கேற்றிக் கும்பிட்டோம். நான் கண்ணை மூடிக்கொள்வேன், ஆனால் ஒரு கண்ணை லேசாகத் திறந்து அவர் எவ்வளவு நேரம் கும்பிடுகிறார் என்று பார்ப்பேன். அவர் அதிக நேரம் கும்பிட்டால் நானும் இன்னும் கொஞ்சம் நிற்பேன். மகள் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் மாறி மாறிப் பார்ப்பாள்.

ஒரு நாள் நான் காய்கறி நறுக்கிக்கொண்டிருந்தபோது மகள் வந்து, நான் சாமியிடம் என்ன கேட்டிருக்கிறேன் என்று கேட்டாள். சொல்லக் கூடாது என்றேன். அவள் யோசித்துவிட்டு, “சொல்ல வேணாம்மா. அது தேவையா ஆசையா, அத மட்டும் சொல்லுங்க” என்றாள்.

தேவை என்றேன். யோசிக்கவே இல்லை.

உடனே ஹாலுக்கு ஓடினாள். அவரிடமும் அதையே கேட்டிருக்க வேண்டும். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, அப்பாவுடையது ஆசையாம் என்றாள். கத்தியைக் கீழே வைத்தேன். எனக்குக் கோபம் வந்தது, கூடவே ஒரு வெற்றிக் களிப்பும் வந்தது. பார், அவர் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டார். பிள்ளையின் பக்கத்தில் இருப்பதை விட்டுவிட்டுப் போக வேண்டும் என்பது வெறும் ஆசை என்று அவருக்கே தெரிந்திருக்கிறது. நேராகப் போய்ச் சண்டை போட்டிருப்பேன். ஆனால் வேண்டுதலைப் பற்றிப் பேசக் கூடாதே. அதனால் வந்த தூதுவரையே திருப்பி அனுப்பினேன்.

“அப்பாகிட்ட போயி, ஆசைதானே, காத்திருக்கட்டும்னு அம்மா சொன்னாங்கன்னு சொல்லு.”

அவள் இதில் கெட்டிக்காரி, ஒரு சொல் பிசகாமல் சொல்லுவாள். போனவள் திரும்பி வர நேரமானது. அப்பா அம்மாவிடம் சரி என்று சொல்லச் சொன்னார் என்றாள்.

அதோடு தொலைபேசி அழைப்புகள் நின்றுபோயின. அவர் நடைபாதைக்கும் போகவில்லை, கீழேயும் போகவில்லை. நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஊரில் யார் என்ன சொன்னாலும் நம்பாத நான், அந்த ஒரு ‘சரி’யை மட்டும் அப்படியே நம்பினேன்.

தைப்பூசத்தன்று வெயில் பொசுக்கியது. முந்தின நாள் இரதத்துக்கு உடைத்த தேங்காய்கள் தெருவெங்கும் சிதறிக் கிடந்தன. பந்தலுக்குப் பந்தல் ஒலிபெருக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு பாட்டு. நாங்கள் இருவரும் மஞ்சள் உடையில் தலையில் குடத்தோடு முன்னால் போக, மகளை என் அக்கா கையைப் பிடித்துக் கூட்டி வந்தாள். இலவசமாகக் கொடுப்பதையெல்லாம் வாங்கக் கூடாது, தேவையானதை மட்டும் வாங்கு என்று காலையிலேயே சொல்லி வைத்திருந்தேன். பந்தல்காரர்களுக்கு அது தெரியுமா? திரும்பிப் பார்க்கும்போதெல்லாம் அவள் கையில் ஒரு விசிறி, ஒரு பலூன், ஒரு பொட்டலம் என்று கூடிக்கொண்டே போனது. அவள் என்னைப் பார்த்து, எல்லாம் தேவைதான் என்பது போலத் தலையாட்டினாள்.

படி ஏறும்போது கால் கனத்தது. அவர் எனக்கு முன்னால் ஏறினார். வேகமாக ஏறக்கூடியவர், நான் வரட்டும் என்று ஒவ்வொரு வளைவிலும் நின்றார். பாலை ஊற்றும்போது நான் மனமாரக் கேட்டேன். இவர் இங்கேயே இருக்கட்டும், என் பிள்ளைக்கு இவர் விருந்தாளி ஆகிவிடக் கூடாது. பக்கத்தில் அவர் கண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். சிங்கப்பூர் கிடைக்காது என்று இப்படி அழுகிறாரே என்று எனக்குச் சங்கடமாகக்கூட இருந்தது.

இறங்கி வந்து ஒரு பந்தலின் ஓரத்தில், சாலை விளிம்பில் உட்கார்ந்தோம். அக்கா சோறு வாங்க வரிசையில் போய் நின்றாள். மகள் எங்கள் நடுவில் உட்கார்ந்து பிளாஸ்டிக் பொட்டலத்தில் கட்டிக் கொடுத்த இனிப்பு ரோஸ் தண்ணீரை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவர் துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“வேண்டுதல் முடிஞ்சிருச்சு. இனி சொல்லலாம்லா” என்றார்.

சொன்னார். புக்கிட் தெங்காவில் அவருடைய லைனை மூடுகிறார்கள். ஆட்களை நிறுத்தப்போவதாக மூன்று மாதத்துக்கு முன்பே சொல்லிவிட்டார்களாம். நான் பயப்படுவேன், ஆயிரம் கேள்வி கேட்பேன் என்று என்னிடம் சொல்லவில்லை. சிங்கப்பூர்க் கூட்டாளி தன் கம்பெனியில் இடம் இருக்கிறது, உடனே பதில் சொல்ல வேண்டும் என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்திருக்கிறான். இங்கே அதே தொழிற்சாலையில் வேறொரு பிரிவில் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் நிச்சயம் இல்லை, பொறுத்துப் பார் என்று மேலாளர் சொல்லியிருக்கிறார். எதைச் செய்வது என்று தெரியாமல்தான் பால்குடம் எடுக்க நேர்ந்துகொண்டாராம்.

“இங்கயே வேலை கெடைக்கணும், ஒங்க ரெண்டு பேர் கூடவே இருக்கணும்னுதான் கேட்டேன்” என்றார்.

பந்தலின் பாட்டு எங்கோ தூரத்தில் கேட்டது. அப்படியானால் ஏன் அதை ஆசை என்று சொன்னீர்கள் என்று கேட்டேன். என் குரல் எனக்கே சண்டைக்காரி குரலாக இருந்தது.

அவருக்கு அந்தக் கேள்வி புரியவே இல்லை. “சம்பளம்தானே தேவை. கூட இருக்கணும்ங்கிறது என் ஆசைதானே. நீயும் அதத்தான சொல்லி அனுப்பின, ஆசை காத்திருக்கட்டும்னு. ஒனக்கு எப்படியோ வெசயம் தெரிஞ்சிருச்சு, தைரியமாப் போகச் சொல்றன்னு நெனச்சேன். அன்னிக்கே அவனக் கூப்பிட்டு வரேன்னு சொல்லிட்டேன்.”

போவது முடிவான பிறகும் ஏன் பால்குடம் எடுத்தீர்கள் என்றேன். நேர்ந்ததை விடக் கூடாதே என்றார். எல்லாக் கையெழுத்தும் போட்டாகிவிட்டது, அடுத்த ஞாயிற்றுக்கிழமை புறப்பட வேண்டும் என்றும் சொன்னார்.

நான் என் வேண்டுதலைச் சொன்னேன். முழுதாகச் சொல்லி முடிக்க முடியவில்லை, அழுகை வந்துவிட்டது. இருவரும் ஒரே சாமியிடம் ஒரே காரியத்தைக் கேட்டு, ஒரே வீட்டில் தனித்தனியாகத் தரையில் படுத்திருக்கிறோம். அவர் என் கையைப் பிடித்தார். அவர் மீது எனக்கு வந்த கோபம் கொஞ்சமில்லை. வேலை போகப்போவதை மூன்று மாதம் மறைத்தாரே என்று அடிக்கலாம் போல இருந்தது. ஆனால் அடிக்கக் கை ஓங்கினால், முதல் அடி என் வாயில்தான் விழ வேண்டும் என்றும் தோன்றியது.

மகள் உறிஞ்சுவதை நிறுத்தியிருந்தாள். நாங்கள் அவளை மறந்தே போயிருந்தோம். பொட்டலத்தை மடியில் வைத்துக்கொண்டு, எங்கள் இருவர் முகத்தையும் பார்த்தாள்.

“அத நாந்தான் அப்பாகிட்ட போயி சொன்னேன்” என்றாள்.

அதெல்லாம் ஒன்றுமில்லை, அப்பா வேலைக்காகப் போகிறார், நீ சொன்னதற்காக இல்லை என்று அவசரமாகச் சொன்னேன். அவள் என்னை நம்பவில்லை. கதை சொல்லிக்கொண்டு எதிரே உட்கார்ந்திருக்கிறவர்களை நான் எப்படிப் பார்ப்பேனோ அப்படியே என்னைப் பார்த்தாள். ஆறு வயதுப் பிள்ளை முகத்தில் அந்தப் பார்வையைப் பார்க்க எனக்குப் பயமாக இருந்தது.

பிறகு எழுந்து அப்பாவின் முன்னால் போய் நின்றாள். பால் சிந்திப் பிசுபிசுத்த அவருடைய மஞ்சள் சட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். நான் கொடுத்து அனுப்பிய செய்தியைச் சொன்னபோதும் இப்படித்தான் நின்றிருப்பாள்.

“ப்பா, அம்மா தப்பாச் சொல்லிட்டாங்க. அது தேவைப்பா” என்றாள்.

அவர் என்னைப் பார்த்தார். ஆமாம் என்று தலையாட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவர் சிங்கப்பூர் பஸ் ஏறினார்.